கட்டியைப் பெருக்க வைத்த மருந்து: மலையகத்தில் ஒரு கழுத்து நெறிக் காசநோய்

நோயாளி கொழுந்து பறிக்கும் பெண், வயது 26, இரண்டு பிள்ளைகளின் தாய். நுவரெலியா மாவட்டத்தில் நான் வேலை செய்த வைத்தியசாலைக்கு 2022 மே மாத நடுவில் வந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். வைத்தியசாலையின் பெயரும் தேவையில்லை. நோய் அரிதானது இல்லை, சிகிச்சையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சரியான மருந்தைச் சரியான அளவில் குடித்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டாம் மாதத்தில் நோய் முற்றியதுபோலத் தெரிந்தது. அந்த இடத்தில் நான் அவசரப்பட்டேன். எழுதத் தோன்றியது அதனால்தான்.

கூடைக் கயிறு

கழுத்தின் வலப்பக்கம் மூன்று மாதமாக வீக்கம். முதலில் அவர் அதை நோயாகவே நினைக்கவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் கொழுந்தின் பாரம் முழுக்கக் கழுத்தில்தான் இறங்கும்; ஈரக் கொழுந்து என்றால் கேட்கவே வேண்டாம். கயிறு இழுத்து நெறி கட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டார். பிறகு பின்னேரக் காய்ச்சல் வந்தது, இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது, 47 கிலோ இருந்தவர் 41 கிலோவுக்கு இறங்கினார். டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பலன் இல்லை. மாமியார் கோயிலில் மந்திரித்து நூல் கட்டியிருந்தார். 'இது கண்டமாலைங்கய்யா' என்று முதல் நாளே என்னிடம் சொன்னவரும் அவர்தான். கண்டமாலை என்பது கழுத்தில் மாலைபோல வரும் இந்தக் காசநோய்க் கட்டிகளுக்குத் தமிழ் வைத்தியத்தில் உள்ள பழைய பெயர். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கும் முன்பே அந்த அம்மா நோயைச் சொல்லிவிட்டார்.

பரிசோதனையில் வலப்பக்கக் கழுத்தின் பின்முக்கோணத்தில் நிணநீர்க் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 3 சென்ரிமீற்றர் அளவில் இருந்தன. வலி இல்லை, மேல் தோல் சாதாரணமாக இருந்தது. நெஞ்சுப் படம் சுத்தம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 92, அதிகம்தான். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டின் எண்ணிக்கை 900 மட்டுமே. அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்கையில் ஊசி போட்டுத் தோல் தடிக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ பரிசோதனையில் 19 மில்லிமீற்றர் தடிப்பு. எச்.ஐ.வி. இல்லை, சீனி வருத்தம் இல்லை. ஊசியால் எடுத்த திசுவில் பாலாடைக்கட்டி போன்ற நசிவுடன் கிரானுலோமாக்கள், அதாவது கிருமியைச் சுற்றிச் செல்கள் கூடிய முடிச்சுகள். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரம் காசநோய்க் கிருமி உண்டு என்றும் முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்றும் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு தவறு நடந்தது, அது என்னுடையது. எடுத்த மாதிரி கொஞ்சம்தான். ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கு அனுப்பியாயிற்று, பதிலும் வந்தாயிற்று என்று, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பவில்லை. அந்த இயந்திரத்தில் நாங்கள் செய்த பரிசோதனை பார்ப்பது ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டும்தான். மற்ற முக்கிய மருந்தான ஐசோநியாசிட் வேலை செய்யுமா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த வழி கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான். இரண்டு மாதம் கழித்து அந்த ஒரு பதில் இல்லாமல் நான் பட்ட பாடு பின்னால் வரும்.

முதல் ஆறு வாரங்கள்

நாலு மருந்தும் சேர்ந்த மாத்திரை, 41 கிலோவுக்கு நாளுக்கு மூன்று. இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிட்டும். செஸ்ட் கிளினிக்கில் அட்டை போட்டு, தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்திய உதவியாளர் முன்னால் தினமும் விழுங்க ஏற்பாடு செய்தோம். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில் டிஸ்பென்சரி இருந்தது வசதியாகப் போயிற்று. மருத்துவிச்சி கொடுத்துவந்த கர்ப்பத்தடை மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றினோம், ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். இதைச் சொல்ல மறந்து, சிகிச்சை முடியும் முன் கர்ப்பத்தோடு வந்த ஒருவரை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன்.

காசநோய்க்காரரை வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்பதற்கு ஆதாரம் தந்தது சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு. ஒரு பாதிப் பேரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள், மறுபாதியை நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே விட்டார்கள், மருந்து இரு சாராருக்கும் ஒன்றுதான். படுக்கையும் நல்ல சாப்பாடும் காற்றும் எதிர்பார்த்த வித்தியாசத்தைத் தரவில்லை. மருந்தை ஒழுங்காக விழுங்குவதுதான் வித்தியாசம் என்று 1959இல் எழுதினார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில் ஆறு பேரோடு படுக்கும் ஒரு பெண்ணுக்கு இன்று நான் துணிந்து மருந்துச் சீட்டு எழுதுவது அந்த ஆய்வின் தயவில்தான்.

வீட்டில் எல்லோரையும் பார்த்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போனபோது மாமனார் இருமிக்கொண்டிருந்தார். 'அது சுருட்டு இருமலுங்க' என்று பல வருடமாக எல்லோரும் சமாதானமாகியிருந்த இருமல். சளியில் கிருமி இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் அவருக்கும் மருந்து தொடங்கியது. அவருடைய சளியைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொன்னது செஸ்ட் கிளினிக், நான் இல்லை. மூன்று வயதுச் சின்னவளுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு ஆறு மாதத்துக்குத் தடுப்பாக ஐசோநியாசிட் கொடுத்தார்கள்.

மூன்றாம் வாரத்தில் மருமகளுக்குக் காய்ச்சல் நின்றது. பசி எடுத்தது. கட்டி பாதியானது. எடை ஒன்றரைக் கிலோ கூடியது. அட்டையில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன்.

ஜூலை

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பஸ் இல்லை, ஓட்டோ கேட்ட காசு ஒரு கிழமைச் சம்பளம். ஐம்பதாம் நாள் அளவில் காய்ச்சல் திரும்ப வந்திருக்கிறது. அவரால் எங்களிடம் வர முடிந்தது 58ஆம் நாள், கொழுந்து லொறியின் முன் சீட்டில்.

பார்த்தவுடன் எனக்குத் திக்கென்றது. பாதியாகச் சுருங்கியிருந்த கட்டி 5 சென்ரிமீற்றர். தோல் சிவந்து மினுமினுத்தது, அமுக்கினால் உள்ளே நீர்மம் ஆடியது. காறை எலும்புக்கு மேலே இரண்டு புதிய கணுக்கள். காய்ச்சல் 101.8. மழையில் நனைந்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று பின்னேரம் வாட்டில் நான் செய்தது இரண்டு காரியம். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் எழுதினேன். நோயாளியின் குறிப்பேடான டிக்கெட்டில் 'எம்.டி.ஆர்.' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பல மருந்துகளுக்கு எதிர்ப்புக் கொண்ட காசநோயோ என்ற சந்தேகம், அவ்வளவுதான். எனக்கு அது ஒரு ஞாபகக் குறிப்பு. வாட்டுக்கு அது தீர்ப்பாகிவிட்டது.

இரவுக்குள் அவரைக் கோடியில் இருந்த தனியறைக்கு மாற்றிவிட்டார்கள். நெஞ்சுப் படம் சுத்தமாக உள்ளவரின் கழுத்துக் கட்டி யாருக்கும் காற்றில் தொற்றாது என்று நின்று நிதானித்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நானும் விடுதிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் சேதி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மருந்துக்கு அடங்காத சயரோகமாம். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் சின்னவளைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பக்கத்து அறைக்காரர் பொதுப் பீலியில் (குழாயில்) தண்ணீர் பிடிக்க மாமியாரைக் கடைசியாக வரச் சொன்னாராம். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன், ஒரு சொல் அந்த வரிசையில் எவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

எதுவாக இருக்கலாம்

மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நோய் கூடினால் முதலில் கேட்க வேண்டியது, மருந்து உள்ளே போகிறதா என்பது. அட்டையில் எல்லா நாளும் கோடு இருந்தது. ஆனால் வைத்திய உதவியாளரின் மோட்டார் சைக்கிளுக்கும் பெட்ரோல் இல்லை. ஒரு கிழமைக்கான மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்ததை அவரே ஒளிக்காமல் சொன்னார். மிச்ச மாத்திரையை எண்ணினோம், கணக்குச் சரி. சிறுநீர் செம்மஞ்சளாக இருந்தது, ரிஃபாம்பிசின் உடம்பில் இருப்பதற்கு அதைவிட மலிவான பரிசோதனை இல்லை. எடைக்குக் கணக்குப் பார்த்தால் மாத்திரையும் குறைவில்லை.

அடுத்தது, நோயே வேறா? நிணநீர்க் கணுவின் புற்றுநோயான லிம்போமா என்ற பயம் எப்போதும் உண்டு. முதல் திசுவில் நசிவோடு கிரானுலோமாவும் கிருமியின் மரபணுவும் இருந்ததால் அது பின்னால் போனது. மெலியோய்டோசிஸ் என்ற தொற்றை நான் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. ஈர மண்ணில் வாழும் அந்தக் கிருமி இலங்கையில் உண்டு, காசநோய் வேஷம் போடுவதில் கெட்டிக்காரன். சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், இவருக்கு அது இல்லை. ஆனாலும் சீழை எடுக்கும்போது அதற்கும் வளர்த்துப் பார்க்கச் சொல்லி ஆய்வுகூடத்துக்கு எழுதினேன். ஒன்றும் வளரவில்லை. சாதாரணச் சீழ்க் கிருமியும் இல்லை. மூன்றாம் நாள் அந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினேன், அதனால் காய்ச்சலில் ஒரு பாகைகூடக் குறைந்திருக்கவில்லை.

மருந்து எதிர்ப்புத்தான் மிஞ்சி நின்ற பயம். சீழில் மறுபடி ஜீன்எக்ஸ்பெர்ட் செய்தோம். கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. நுண்நோக்கியிலும் சில சிவப்புக் கோல்கள். இதைப் பார்த்து 'இரண்டு மாத மருந்துக்குப் பிறகும் கிருமி இருக்கிறதே' என்று பதறுவது எளிது. இயந்திரம் பார்ப்பது மரபணுவை. நுண்நோக்கி பார்ப்பது கிருமியின் மெழுகுச் சுவரை. செத்த கிருமிக்கும் இரண்டும் இருக்கும், மாதக்கணக்கில் இருக்கும். உயிரோடு இருக்கிறதா என்று சொல்லக்கூடியது கல்ச்சர் மட்டும்தான், அதற்கு எட்டு வாரம்வரை பிடிக்கும். முதல் மாதிரியை அன்றே வளர்த்திருந்தால் ஐசோநியாசிட் பற்றிய பதில் அப்போது என் கையில் இருந்திருக்கும்.

நெஞ்சு நோய் நிபுணருக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, 'லிம்போசைட் எவ்வளவு?' என்றார். பார்த்தேன். மே மாதத்தில் 900, இப்போது 2,100. 'மருந்தில் கை வைக்க வேண்டாம். புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம். சீழை ஊசியால் எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்' என்று வைத்துவிட்டார். ஒரு மருந்துக் கூட்டணி தோற்பதுபோலத் தெரிந்தால் அதோடு ஒற்றை மருந்தைச் சேர்க்கக் கூடாது என்பது காசநோயில் பழைய விதி. தோற்பது உண்மையானால் அந்த ஒற்றை மருந்துக்கும் எதிர்ப்பு வரும். தோற்கவில்லை என்றால் வீணாக ஒரு நஞ்சு.

உடம்பு விழித்துக்கொண்டபோது

இதற்கு முரண் எதிர்வினை என்று பெயர் சொல்லலாம். கிருமி சாகிறது, நோய் கூடியதுபோலத் தெரிகிறது. எச்.ஐ.வி. இல்லாதவர்களிலும் இது வரும். கணுக் காசநோயில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இதைப் பார்த்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஹாங்காங் வைத்தியர்கள் 2002இல் இப்படிப்பட்ட நோயாளிகளைத் தொகுத்தபோது, மருந்து தொடங்கியதிலிருந்து இது தலைகாட்டும் நடு நாள் அறுபது என்று கண்டார்கள். எங்கள் நோயாளிக்கு ஐம்பது. தொடக்கத்தில் லிம்போசைட் குறைவாக இருந்து, எதிர்வினை வரும் வேளையில் அது பாய்ந்து ஏறுவதையும் அதே குழுதான் அடுத்த வருடம் எழுதியது. நிபுணர் போனில் கேட்ட ஒற்றைக் கேள்வியின் மூலம் அதுதான்.

உள்ளே நடப்பது இப்படி. காசக் கிருமி பெருவிழுங்கிச் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும். லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்து அந்தப் பெருவிழுங்கிகளை உசுப்ப, அவை டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்க, எல்லாமாகச் சேர்ந்து கிருமியைச் சுற்றி ஒரு கோட்டை கட்டும், அதுதான் கிரானுலோமா. நோய் முற்றியபோது இந்தப் பட்டாளம் களைத்துப்போகும். ஆறு கிலோ இறங்கிய உடம்பில் இன்னும் களைப்பு. மருந்து கிருமியைக் கொல்லத் தொடங்கியதும் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. செத்த கிருமியின் சுவரும் புரதமும் குவியலாகக் கொட்டுகின்றன. கிருமியின் பாரம் இறங்கியதால், சாப்பிடத் தொடங்கியதால், டி செல்கள் தெளிந்து திரும்பி வருகின்றன. வந்து பார்த்தால் கண்முன்னே மலைபோல எதிரியின் சரக்கு. அது பிணம் என்று டி செல்லுக்குத் தெரியாது.

இந்த வேகத்தை மருத்துவம் முதலில் கண்டது ஒரு தோல்வியில். ராபர்ட் கோக் 1890இல் காசநோய்க்கு மருந்து என்று டியூபர்குலினை அறிவித்தார், அது கிருமியின் சாறுதான். ஊசி போட்ட நோயாளிகளுக்குக் காய்ச்சல் கொதித்தது, புண்கள் வீங்கிச் சிவந்தன, சிலர் இறந்தார்கள். அடுத்த வருடமே ருடால்ஃப் விர்க்கோ பிரேத பரிசோதனைகளைக் காட்டி அதை எதிர்த்தார். குணமாக்காத அந்தச் சாறுதான் பிற்பாடு மாண்டூ பரிசோதனையாகி இன்றுவரை நம் முன்கையில் தடித்துக்கொண்டிருக்கிறது. மே மாதத்தில் 19 மில்லிமீற்றர் தடித்த கை ஏற்கெனவே ஒரு சேதி சொல்லியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வேகம் குறைந்தாலும் ஆபத்துத்தான். மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப்.ஐ அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் வந்தபோது, அதை எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் கிளம்பியதை 2001இல் ஓர் அறிக்கை எடுத்துச் சொன்னது. லலிதா ராமகிருஷ்ணனின் குழு வரிக்குதிரை மீன்களில் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. டி.என்.எஃப். குறைந்தாலும் கிருமி பெருகுகிறது. கூடினாலும் பெருவிழுங்கிச் செல்களே வெடித்துச் செத்து, கிருமி வெளியே வந்து பெருகுகிறது. வீக்கத்தை அடக்குவது சிலருக்கு உயிர் காக்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது என்பதற்கு ஒரு காரணம் அங்கே கிடைத்தது.

குளவி

ஐந்தாம் நாள் மாமியார் நடந்தே வந்துவிட்டார், சேலை முழங்கால்வரை ஈரம். மருமகளைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார்.

'மருந்து குடிக்காதப்ப எலுமிச்சங்கா அளவு இருந்துச்சு. குடிச்ச பெறகுதாங்கய்யா இப்புடிப் பெருத்துச்சு. இந்த மருந்து இவளுக்கு ஆகாது. நிப்பாட்டிருங்க.'

வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் 'அப்படியில்லை அம்மா' என்று தொடங்குவோம். ஆனால் அவர் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது? நாள் கணக்கும் சரி, காரணமும் சரி. 'ஆமாம்மா, மருந்து குடிச்சதாலதான் பெருத்திருக்கு' என்றேன். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி (தாதி) என்னைத் திரும்பிப் பார்த்தார்.

'மலையில உங்களக் குளவி கொட்டியிருக்கா?'

'கொட்டாம? மூணு தடவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன்.'

'கொட்டுனா எத்தன நாளைக்கு வீங்கியிருக்கும்?'

'ரெண்டு மூணு நாளு. மூஞ்சியே தெரியாது.'

'அந்த ரெண்டு மூணு நாளும் குளவி எங்க இருக்கும்?'

யோசித்தார். 'அது அப்பவே போயிருக்கும். இல்லாட்டிச் செத்திருக்கும்.'

'அப்ப வீங்க வைக்கிறது?'

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'ஒடம்பு' என்றார்.

தோட்டத்தில் குளவி கொட்டி வருடா வருடம் ஆட்கள் சாகிறார்கள். விஷமும் கொல்லும், உடம்பே தன் வீக்கத்தால் மூச்சை அடைப்பதும் உண்டு என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உள்ளே குளவி செத்துக்கொண்டிருக்கிறது, மருந்தை நிறுத்தினால் சாகாமல் மிஞ்சியது கூடு கட்டும் என்று சொன்னேன். அவர் மருமகளைப் பார்த்து, 'குடிச்சுத் தொலை' என்றார். அந்தக் கேள்விக்குறியைப் பற்றியும் சொன்னேன், அது நான் அவசரப்பட்டு எழுதியது என்று. தோட்டத்து வைத்திய உதவியாளருக்கும் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளருக்கும் போன் செய்தேன். சின்னவளைத் திரும்பச் சேர்க்க இரண்டு கிழமை ஆனது.

ஸ்டீரொய்டு கொடுப்பதா

சீழை அறுத்து வடிக்கவில்லை. மினுமினுக்கும் தோலைக் கீறினால் மாதக்கணக்கில் ஒழுகும் புரையாகிவிடும். பக்கத்து நல்ல தோல் வழியாகப் பெரிய ஊசியைச் சாய்வாக விட்டு 12 மில்லிலீற்றர் எடுத்தோம். நாலு நாளில் நிரம்பியது. இன்னொரு தடவை எடுத்தோம், அப்புறமும் நிரம்பியது. காய்ச்சலும் விடவில்லை.

வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொய்டான ப்ரெட்னிசலோன் கொடுப்பதா என்பதில் எனக்கும் நிபுணருக்கும் ஒரு கிழமை இழுபறி. எச்.ஐ.வி. இல்லாத பெரியவர்களின் கணுக் காசநோயில் வரும் இந்த எதிர்வினைக்கென்று நம்பிச் சாயக்கூடிய பெரிய ஆய்வு கிடையாது. மற்ற இடங்களில் இருந்து கடன் வாங்கத்தான் வேண்டும். மூளைக்காய்ச்சல் காசநோயில் வியட்நாமில் 545 பேரில் செய்த ஆய்வில், டெக்ஸாமெதசோன் என்ற இன்னொரு ஸ்டீரொய்டு மரணத்தை 41இலிருந்து 32 சதவீதமாகக் குறைத்தது. 2004இல் வந்தது அது. இதய உறைக் காசநோயில் 1,400 பேரில் ப்ரெட்னிசலோனைப் பார்த்த ஆப்பிரிக்க ஆய்வு 2014இல் வந்தது. மரணத்தையும் மற்றச் சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை, உறை இறுகுவது மட்டும் குறைந்தது. எங்கள் நிலைமைக்குக் கிட்டியது தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்த 240 பேரில் செய்தது. எச்.ஐ.வி. மருந்து தொடங்கியதும் உடம்பு விழித்துக் கொதிப்பதைத் தடுக்க, நாலு வாரம் ப்ரெட்னிசோன் கொடுத்தார்கள். கொதித்தவர்கள் 47 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தார்கள். 2018இல் வெளியானது.

வேறு நோய், வேறு உடம்பு என்றார் நிபுணர். கொதிப்பு ஒன்றுதானே என்றேன் நான். கடைசியில் முடிவெடுக்க வைத்தது ஆய்வு இல்லை, தோல். மூன்றாம் தடவை ஊசி போடும்போது அது காகிதம்போல மெலிந்திருந்தது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியதில் ஒன்றை அழுத்திச் சொல்வேன். மலையில் செருப்பில்லாமல் நிற்கும் காலுக்குப் புழு ஏறும். அதில் ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் என்ற புழு இருந்து, அது தெரியாமல் ஸ்டீரொய்டு கொடுத்தால், உடம்பு முழுக்கப் பரவி ஆளைக் கொல்லும். மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மலப் பரிசோதனையை நம்ப முடியாது. ஏழு நாள் அல்பெண்டசோல் கொடுத்தோம். ஹெப்படைடிஸ் பி இல்லை.

அளவு 40 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு ஒன்று. கூடத் தெரியலாம், ஆனால் ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கி ப்ரெட்னிசலோனின் பலனைப் பாதி அளவுக்குக் குறைத்துவிடும். இந்தக் கணக்கை மறந்து 20 கொடுத்துவிட்டு 'ஸ்டீரொய்டுக்கும் அடங்கவில்லை' என்று முடிவுகட்டுவது நடக்கக்கூடியது. இரண்டு வாரம் 40, இரண்டு வாரம் 20, பிறகு இரண்டு வாரத்தில் இறக்கி நிறுத்துவதாகத் திட்டம். காசநோய் மருந்தில் ஒரு மாத்திரையும் மாறவில்லை.

பிறகு

மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது. பத்தாம் நாளுக்குப் பிறகு கட்டி நிரம்பவில்லை. தோல் ஒரு ஊசித் துளையளவில் உடைந்து மூன்று கிழமை கசிந்தது, அதைத் தடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் நடுவில் வீட்டுக்குப் போனார். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது, சீனி ஏறவில்லை.

செப்டெம்பரில் ஒரே கிழமையில் இரண்டு துண்டுகள் வந்தன. அவருடைய சீழில் எட்டு வாரத்துக்குப் பிறகும் எதுவும் வளரவில்லை. ஜூலையில் கண்ணாடித் தட்டில் பார்த்த அந்தச் சிவப்புக் கோல்கள் எல்லாம் செத்தவை. மற்றது மாமனாரின் சளி. கிருமி வளர்ந்து, மருந்துப் பரிசோதனையும் முடிந்து, ஐசோநியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் கட்டுப்படும் என்று எழுதியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கிருமிதான் என்று மரபணு பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் ஒரே காம்பராவில் பல வருடம் இருமியவரின் கிருமி. மே மாதத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவருடைய சளி ஏறக்குறையப் பதில் சொல்லிவிட்டது.

ஒக்டோபர் கடைசியில், ஸ்டீரொய்டு முடிந்து ஏழு வாரத்தில், காறை எலும்புக்கு மேல் இருந்த கணு ஒன்று மறுபடி வீங்கியது. காய்ச்சல் இல்லை. ஊசியால் 3 மில்லிலீற்றர் எடுத்தோம், ஸ்டீரொய்டு கொடுக்கவில்லை, தானாக அடங்கியது. இந்த முறை டிக்கெட்டில் நான் கேள்விக்குறி எதுவும் போடவில்லை.

ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய மருந்தை ஒன்பது மாதம் கொடுத்தோம், 2023 பெப்ரவரிவரை. கணுக் காசநோய்க்கு ஆறு மாதம் போதும் என்பது பிரித்தானிய ஆய்வுகளிலேயே தெளிவானது. முரண் எதிர்வினை வந்தால் நீட்ட வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நீட்டியது எங்கள் பயத்துக்குத்தான், அவருடைய கிருமிக்கு இல்லை. இன்றைக்கு அதே நோயாளி வந்தால் ஆறில் நிறுத்தலாம் என்று வாதாடுவேன். நிபுணர் ஒத்துக்கொள்வாரா, தெரியாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. வீட்டில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. சென்னை ஆய்வோடு இது முரண்படுவதுபோலத் தெரியும். அது நோயாளியைக் குணமாக்குவது பற்றியது, இது வீட்டாருக்கு நோய் வராமல் காப்பது பற்றியது. 2022இல் பால்மா விலை ஏறிய ஏற்றத்தில் அந்த லயத்தில் சாயத் தேத்தண்ணியும் ரொட்டியும்தான். டி செல் எதைத் தின்று வளரும் என்று கேட்டால் என்னிடம் மருந்துச் சீட்டு இல்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது 2023 ஜூன். எடை 49. வலப்பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவில் கல்போல ஒரு கணு மிச்சம், வலி இல்லை. மருந்து முடிந்த பிறகும் இப்படிக் கணு நிற்பது உண்டு, பெருக்காதவரை அதைத் தோண்டத் தேவையில்லை. புரை ஆறிய இடத்தில் சின்னத் தழும்பு. மாமனாரின் சளி சுத்தம், சுருட்டு மட்டும் விடவில்லை. கூடைக் கயிற்றைப் பற்றிக் கேட்டார், திரும்ப மாட்டலாமா என்று. மாட்டலாம், கயிற்றுக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள் என்றேன். அதைத்தான் மார்ச்சிலிருந்து செய்கிறேன் என்றார்.